வெள்ளி நாளமும் உற்பத்தி உறவுகளும்: பொத்தோசி மலை குறித்த சில சிந்தனைகள்

அமெரிக்க வெள்ளியின் வரலாறு பெரும்பாலும் செவில் துறைமுகத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஏர்ல் ஹமில்ரன் 1934இல் வெளியிட்ட பெருநூல் முதலாக, ஸ்பானியாவில் வந்திறங்கிய வெள்ளி எத்துணை, அதனால் ஐரோப்பிய விலைவாசி எவ்வாறு உயர்ந்தது என்னும் வினாக்களே பொருளாதார வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்து வந்துள்ளன. கப்பலிலிருந்து இறக்கப்பட்ட பின்னரே வெள்ளி வரலாற்றுப் பொருளாகிறது. அதற்கு முன் அது பாறையினுள் எந்நிலையிற் கிடந்தது, எவர் கையால், எம்முறையால் பிரித்தெடுக்கப்பட்டது என்பன புவிச்சரிதவியலாளருக்கும் உலோகவியலாளருக்கும் உரிய தனி விடயங்களாக ஒதுக்கப்பட்டு விடுகின்றன. இவ்வாறு இயற்கை ஒரு துறைக்கும் சமூகம் மற்றொரு துறைக்குமாகப் பங்கிடப்படும்போது, இரண்டையும் இணைக்கும் மனித உழைப்பு எத்துறைக்கும் உரியதாகாமற் போகிறது.

நிலம் வாழ்க்கையை எவ்வளவுக்கு நிர்ணயிக்கிறது என்ற வினா தமிழ் ஆய்வாளருக்குப் புதியதன்று. திணைக் கோட்பாடு பற்றிய விவாதங்களில் இவ்வினா மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. நிலத்தின் இயல்பே சமூகத்தின் இயல்பு என வாளா கூறிவிடுவோரும் உளர். நிலத்தை வெறும் பின்னணியாகக் கருதிப் புறக்கணிப்போரும் உளர். இவ்விரு நிலைப்பாடுகளும் எத்துணை போதாதன என்பதைத் தெளிவாக உணர்த்தும் ஓர் எடுத்துக்காட்டாக, இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையை ஈண்டு ஆராய முற்படுகிறோம். நமது வினா இதுதான்: வெள்ளி தாங்கிய குவாற்ஸ் நாளத்தின் அமைப்பு, அதனை அகழ்ந்த சமூகத்தின் அமைப்பை நிர்ணயித்ததா?

1. மலையும் நாளமும்

ஸ்பானியரால் 'செல்வ மலை' எனப் பெயரிடப்பட்ட இம்மலை, அந்தீஸ் உயர்நிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,800 மீற்றர் உயரத்துக்குக் கூம்பு வடிவில் எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்து நகரே 4,000 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. பயிர்த்தொழில் செழிக்க இயலாத குளிர்நிலம் அது. வெள்ளி இல்லையேல் ஒரு பெருநகர் தோன்றுதற்கு அங்கே யாதொரு காரணமும் இல்லை.

ஒர்டோவிசியன் காலத்துப் பழம் பாறைகளை ஊடறுத்துக்கொண்டு, ஏறத்தாழ 1 கோடியே 38 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், டேசைற்று எனப்படும் எரிமலைப் பாறைக் குழம்பு மேலெழுந்து குவிமாடமாக இறுகியது. இறுகிய பாறையிற் பல வெடிப்புகள் தோன்றின. உலோகங்களைக் கரைசலாகச் சுமந்த வெந்நீர் ஆழத்திலிருந்து அவ்வெடிப்புகளின் வழியே ஏறிக் குளிர்ந்தபோது, அதிலிருந்த சிலிக்கா குவாற்ஸாகப் படிந்தது. அக்குவாற்ஸுடன் இரும்பு, நாகம், வெள்ளி முதலியவற்றின் கந்தகச் சேர்வைகளும் வெள்ளீயக் கல்லும் படிந்தன. இவையே தாது நாளங்களாம். வெப்பம் மிகுந்த ஆழப் பகுதிகளில் வெள்ளீயமும், ஒப்பளவில் வெப்பம் குறைந்த மேற்பகுதிகளில் வெள்ளியும் செறிந்தன. நாளங்களுட் பல ஒரு மீற்றர் அகலமேனும் இல்லாதவை.

வெளிப்பட்ட நாளங்களின்மீது மழைநீரும் காற்றும் நெடுங்காலம் செயற்பட்டதன் விளைவாக, மேற்பகுதி ஒட்சியேற்றமடைந்தது. கந்தகச் சேர்வைகள் சிதைந்தன. இரும்பு துருவாகி மலைக்குச் செந்நிறம் தந்தது. வெள்ளியோ தனி உலோகமாகவும் குளோரைட்டாகவும் குவாற்ஸின் துளைகளில் எஞ்சிற்று. செந்நிறங் கொண்ட இம்மேற்றாதுவைச் சுரங்கத்தார் 'பாக்கோ' என்றனர். ஒட்சியேற்றம் எட்டாத ஆழத்தில் வெள்ளி கந்தகத்துடனும் அந்திமனியுடனும் பிணைந்த நிலையிலேயே இருந்தது. கருநிறமான அத்தாதுவுக்கு 'நெக்ரில்யோ' என்பது பெயர். பாக்கோவிலிருந்து வெள்ளியைப் பிரிப்பது எளிது. நெக்ரில்யோவிலிருந்து பிரிப்பது அரிது. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மலையில் மேலிருந்து கீழ்நோக்கி அகழ்வோர், எளிய தாதுவிலிருந்து அரிய தாதுவை நோக்கியே செல்கின்றனர்.

நாளத்தின் மற்றோர் இயல்பும் கருதத்தக்கது. குவாற்ஸ் கடினமானது; சூழ்ந்த பாறை தேய்ந்த பின்னும் அது தேயாது நிற்கும். 'வளமிக்க நாளம்' எனப் பெயர் பெற்ற முதன்மை நாளம், ஏறத்தாழ 300 அடி நீளமும் 13 அடி அகலமுமுடைய பாறைச் சுவராக நிலத்துக்குமேல் துருத்தி நின்றதெனப் பாதிரியார் ஹோசே தெ அகோஸ்தா 1590இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். வெள்ளியைத் தேடி மண்ணைத் தோண்டவேண்டிய தேவை முதலில் இருக்கவில்லை.

2. தீண்டப்படாத மலை என்னும் தொன்மம்

1545இல் தியேகோ வல்பா என்னும் அந்தீஸ் பழங்குடி மகன் மலைமீது ஏறியபோது தற்செயலாக வெள்ளியைக் கண்டான் என்பது வழங்கிவரும் கதை. அதற்கு முன் நிகழ்ந்ததாகக் கூறப்படும் மற்றொரு கதை இன்னும் சுவையானது. இன்கா மன்னனின் ஆட்கள் மலையை அகழ முற்பட்டபோது, இவ்வெள்ளி உங்களுக்குரியதன்று, பின்னர் வரவிருப்போருக்காக வைக்கப்பட்டது என்ற பொருள்பட மலைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்ததாம். குடியேற்ற ஆட்சிக் காலத்து ஏடுகளில் நிலைபெற்ற இக்கதையை, இலக்கியம் பயில்வோர் வெறும் கற்பனையெனத் தள்ளிவிடல் ஆகாது. சொத்துரிமைக்குத் தெய்வீகப் பத்திரம் எழுதித் தரும் கதை இது. 18ஆம் நூற்றாண்டில் வரையப்பெற்ற புகழ்பெற்ற ஓவியமொன்றில் மலையே கன்னி மரியாளின் உடலாகத் தீட்டப்பட்டுள்ளது. பழங்குடியினரின் மலை வழிபாடு அவ்வோவியத்திற் புகுந்திருப்பது உண்மையே. ஆயினும் மலையைப் புனிதமாக்கும் அதே தூரிகை, மலைக்குள் மடிந்தோரை மறைத்தும் விடுகிறது.

இத்தொன்மத்துக்கு எதிரான சாட்சியம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்துள்ளது. பொத்தோசிக்கு அருகிலுள்ள ஏரியொன்றின் அடிச்சேற்றைப் படிவு படிவாக ஆராய்ந்த விஞ்ஞானிகள், இன்கா ஆட்சிக்கும் முற்பட்ட காலத்திலேயே, அதாவது ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலோகம் உருக்கியதால் எழுந்த ஈயம் அங்குப் படிந்துள்ளதை 2003இல் வெளிப்படுத்தினர். அண்மையிலுள்ள போர்க்கோவில் இன்காக்கள் வெள்ளி அகழ்ந்தமை முன்னரே அறியப்பட்டதாகும். எனவே 1545இல் ஸ்பானியர் கண்டெடுத்தது மனிதன் அறியாத உலோகத்தை அன்று. நெடுங்காலத் தொழிலறிவு வேரூன்றியிருந்த ஒரு நிலப்பரப்பையே அவர்கள் கைப்பற்றினர்.

3. காற்றுலைக் காலம்: 1545–1570

இத்தொழிலறிவு வெறும் பழம்பெருமையன்று என்பதைப் பொத்தோசியின் முதல் 25 ஆண்டுகள் மெய்ப்பித்தன. ஸ்பானியரின் துருத்தி உலைகள் இம்மலையின் தாதுவை உருக்குவதில் தோல்வியுற்றன. வெற்றிபெற்றது 'வைரா' எனப்படும் பழங்குடியினரின் காற்றுலையே. துளைகள் பல கொண்ட சிறு களிமண் உலை அது. மலைச்சரிவுகளில், காற்று வீசும் முகட்டில் வைத்து, கரியும் இலாமாவின் சாணமும் எரித்து, ஈயத் தாதுவைத் துணை சேர்த்து உருக்குவர். இரவில் மலைச்சரிவெங்கும் இவ்வுலைகள் ஒளிர்ந்ததைக் கண்டோர் வியந்து எழுதியுள்ளனர். உலைகள் நின்ற இடங்கள் 6,000க்கு மேற்பட்டவை என 1585இல் லூயிஸ் கப்போச்சே பதிவு செய்தார்.

நாளங்களின் உரிமை ஸ்பானியரிடமே இருந்தது. ஆயினும் அகழ்வதும் உருக்குவதும் பெருமளவுக்குப் பழங்குடி உழைப்பாளர் கையிலிருந்தன. குழுக்களாகச் சேர்ந்து நாளத்தின் ஒரு பகுதியை உடன்படிக்கையின் பேரில் அகழ்ந்தோர், உரிமையாளனுக்குக் குறித்த பங்கைக் கொடுத்து எஞ்சிய தாதுவைத் தாமே பெற்றனர். நகரில் தாதுச் சந்தையொன்று இயங்கிற்று. அங்கே தாது விற்றோரிற் பெண்களும் அடங்குவர். உரிமையாளன் தன் தாதுவை வெள்ளியாக்குதற்கும் காற்றுலைக்காரரையே நாடவேண்டியிருந்தது.

இதனைப் பொற்காலமென்று வருணித்தல் தவறாகும். திறைகட்டும் பொருட்டு ஊர்த்தலைவர்களால் அனுப்பப்பட்ட எளியோரும் அங்கிருந்தனர். காற்றுலைக்காரரிடையேயும் வர்க்க வேறுபாடு முளைவிட்டிருந்தது. எனினும் அடிப்படை உண்மை ஒன்றுண்டு. உற்பத்திச் சாதனமான உலை மலிவானது. அதனை இயக்கும் அறிவு உழைப்பாளரிடம் இருந்தது. தாதுவோ வளமிக்க பாக்கோ. இம்மூன்றும் பொருந்தி நின்றவரை, நிலத்தை வென்றவனால் உற்பத்தி முறையை முற்றாக வெல்ல இயலவில்லை.

4. இரசமும் ஆலையும் மித்தாவும்

1560களில் இப்பொருத்தம் குலைந்தது. மேற்பகுதியின் வளமான பாக்கோ குறைந்து வந்தது. வெள்ளி குறைந்த தாதுவை உருக்கும் ஆற்றல் காற்றுலைக்கு இல்லை. விறகும் கரியும் அருகின. உற்பத்தி வீழ்ந்தது, அரசனுக்குரிய ஐந்திலொரு பங்கு வரியும் வீழ்ந்தது.

1569 முதல் 1581 வரை பெருவின் அரசப் பிரதிநிதியாக விளங்கிய பிரான்சிஸ்கோ தெ தொலேதோ இந்நெருக்கடிக்குக் கண்ட தீர்வு இருபக்கமுடையது. முதலாவது தொழில்நுட்பம். பொடியாக்கிய தாதுவுடன் உப்பும் இரசமும் கலந்து, வெள்ளியை இரசத்தில் இழுத்து, பின்னர் இரசத்தை ஆவியாக்கி வெள்ளியைப் பெறும் முறையினை, 1550களின் நடுப்பகுதியில் பார்த்தொலொமே தெ மெதினா மெக்சிக்கோவிற் கையாண்டிருந்தார். 1570களின் தொடக்கத்தில் அது பொத்தோசிக்குக் கொண்டுவரப்பட்டது. தேவையான இரசம் 1560களில் ஸ்பானியர் அறியவந்த உவாங்காவெலிக்காச் சுரங்கத்திலிருந்து கிடைத்தது. முன்னர் பயனற்றதென எறியப்பட்டிருந்த தாதுக்குவியல்கள் திடீரெனச் செல்வமாயின. மலைமீது கிடந்த கல் மாறவில்லை; அதனை அணுகிய உழைப்பின் சாதனம் மாறியது, கல்லின் பொருளாதார இயல்பும் மாறிற்று. 'வளம்' என்பது வெறும் இயற்கைப் பண்பு அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இரசமுறைக்குத் தாதுவை மாவாக அரைத்தல் வேண்டும். அதற்கு நீர்விசையால் இயங்கும் இடிப்பாலைகள் வேண்டும். வறண்ட மலையில் அவ்வாலைகளுக்கு நீர் தருதற்குக் கரிக்கரி மலைகளில் அணைகளும் வாய்க்காலும் வேண்டும். களிமண் உலையை எவரும் வனையலாம். ஆலையை மூலதனம் உடையவனே அமைக்கலாம். இரசமோ அரசின் தனியுரிமைப் பொருளாக்கப்பட்டது. எவன் எவ்வளவு இரசம் வாங்கினான் என்பதைக் கொண்டு அவன் எடுத்த வெள்ளியையும் மதிப்பிட முடிந்தது. எனவே புதிய தொழில்நுட்பம் உற்பத்தியைப் பெருக்கியதோடு அமையவில்லை. அது நேரடி உற்பத்தியாளனை அவனது சாதனத்திலிருந்தும் அறிவிலிருந்தும் பிரித்தது. 'மூலதனம்' முதலாம் பாகத்தில் ஆதித் திரட்சியை விளக்குமிடத்து, அமெரிக்கச் சுரங்கங்களிற் பழங்குடியினர் புதையுண்டதை மார்க்ஸ் அதன் தொடக்கக் கட்டங்களுள் ஒன்றாகச் சுட்டியமை தற்செயலன்று.

தீர்வின் மறுபக்கம் 'மித்தா'. இச்சொல் இன்காக் காலத்தது; முறைவைத்துச் செய்யும் பொதுப்பணியைக் குறித்தது. தொலேதோ பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினான். கூஸ்கோ முதல் தெற்கே பரந்திருந்த 16 மாகாணங்களின் வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ ஏழிலொருவர் ஆண்டுதோறும் பொத்தோசிக்கு வரவேண்டுமென விதிக்கப்பட்டது. தொகை ஏறத்தாழ 13,500 பேர். ஒரு வேளையில் மூன்றிலொரு பங்கினர் பணிபுரிவர். மனைவி மக்களுடனும் இலாமாக்களுடனும் வாரக்கணக்காக நடந்து வந்தோர்க்கு அளிக்கப்பட்ட கூலி, வாழ்க்கைச் செலவுக்குப் போதாது. எஞ்சியதை அவர்கள் கொண்டுவந்த உணவும் குடும்பத்தாரின் உழைப்பும் ஈடுசெய்தன. வேறு விதமாகக் கூறின், ஊர்ச் சமூகத்தின் வேளாண்மையே சுரங்க முதலாளிக்கு மானியம் வழங்கிற்று.

5. நிர்ணயித்தது எது?

இவ்விடத்தில் நமது தொடக்க வினாவுக்கு மீளலாம். மேற்றாது தீர்ந்தது, இரசமுறை தேவைப்பட்டது, ஆலைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர், ஆதலால் மித்தா தோன்றியது. இவ்வாறு சங்கிலி கோத்தால், கட்டாய உழைப்புக்கு மலையே பொறுப்பென ஆகிவிடும். பல நூல்கள் வெளிப்படையாகக் கூறாவிடினும் இத்தருக்கத்தையே பின்பற்றுகின்றன.

ஒப்பீட்டு நோக்கு இத்தருக்கத்தை உடைக்கிறது. பொத்தோசிக்கு அடுத்த ஆண்டில், 1546இல், வட மெக்சிக்கோவின் சக்காத்தேக்காசில் வெள்ளி காணப்பட்டது. அங்கும் வெள்ளி தாங்கிய நாளங்களே, அங்கும் இரசமுறையே, ஆட்சியாளரும் அதே ஸ்பானிய முடியினரே. ஆயினும் அங்குச் சுரங்க உழைப்பு பெரும்பாலும் கூலி உழைப்பாகவே வளர்ந்தது. காரணம் பாறையில் இல்லை. வட மெக்சிக்கோவில் வாழ்ந்தோர் நாடோடி மக்கள். முறைவைத்து ஆள்திரட்டுதற்குரிய நிலையான வேளாண் ஊர்கள் அங்கில்லை. தெற்கிலிருந்து ஆட்களைக் கூலி காட்டியே அழைக்க வேண்டியிருந்தது. அந்தீசிலோ அடர்ந்த வேளாண் சமூகமும், அதன் உழைப்பைத் திரட்டும் அரச மரபும், ஊர்த்தலைவர் என்னும் இடைத்தரகரும் ஏற்கெனவே இருந்தனர். குடியேற்ற ஆட்சி அவற்றைத் தன் தேவைக்கேற்பத் திருப்பிக்கொண்டது.

பொத்தோசியிலும் கட்டாய உழைப்பு மட்டும் நிலவவில்லை. 1600ஐ ஒட்டிய காலத்திலேயே 'மிங்கா' எனப்பட்ட கூலியாட்கள் பெருந்தொகையினராயிருந்தனர் என்பதைப் பீற்றர் பேக்வெலின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊர்கள் ஆளுக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் வழக்கமும் பரவிற்று. அப்பணத்தைச் சுரங்கத்தில் இடாது தன் பையிலிட்டுக்கொண்ட உரிமையாளருக்காக, 'சட்டைப்பை இந்தியர்' என்றொரு கசப்பான தொடரே தோன்றியது. 18ஆம் நூற்றாண்டில் மலை வறிதான பின்பும் தொழில் இலாபமாக நடந்தமைக்கு மித்தாவால் கிடைத்த உபரியே காரணம் என என்றிக்கே தாந்தேதெர் நிறுவியுள்ளார். நாளத்தின் வறுமையை மனிதரின் வறுமை ஈடுசெய்தது.

உழைப்பாளர் வாளாவிருந்தாரல்லர். கடமைப்பட்ட மாகாணங்களை விட்டு வெளியேறி வேற்றூர்களில் அந்நியராய்க் குடியேறுதல் அவர்தம் முதல் எதிர்ப்பு. 18ஆம் நூற்றாண்டில் 'கஹ்ச்சா' எனப்பட்டோர் சனி இரவு முதல் திங்கள் காலை வரை சுரங்கங்களிற் புகுந்து தமக்கென அகழ்ந்தனர். உரிமையாளர் அதனைக் களவென்றனர். அவர்களோ அதனை வழக்குரிமை என்றனர். காற்றுலைக் காலத்தில் இழந்த பங்கினை மீட்கும் முயற்சியாக நாம் இதனைக் காணலாம். மித்தாவை 1812இல் காதிஸ் பாராளுமன்றம் நீக்கியது. அதன் உறுதியான முடிவு 1825இல் பொலிவியா விடுதலை பெற்றபோதே நேர்ந்தது.

6. குவாற்ஸின் மறுமுகம்

வெள்ளியின் வரலாற்றில் குவாற்ஸ் விலையற்றது, எறியப்படும் கழிவு. உழைப்பாளன் உடலின் வரலாற்றிலோ அதுவே முதன்மையானது. உடைபடும் குவாற்ஸின் நுண்டூசி நுரையீரலிற் படிந்து, அதனைத் தழும்பாக்கி, மூச்சடைத்துக் கொல்லும் நோயை இன்று சிலிக்கோசிஸ் என்கிறோம். சுரங்கத்திலும், உலர் தாதுவை இடித்த ஆலைகளிலும் இத்தூசி நிறைந்திருந்தது. இரசத்தை ஆவியாக்கியோர் அதன் நஞ்சை உட்கொண்டனர்.

அகோஸ்தா கண்ட காட்சி குறிப்பிடத்தக்கது. தோலால் முறுக்கிய வடங்களில் மரப்படி கோத்த ஏணிகளில், மார்போடு கட்டிய துணியில் 20 கிலோகிராமுக்கு மேற்பட்ட தாதுவை முதுகிற் சுமந்து, மூவர் மூவராய் ஏறுவர். முன்னே ஏறுவோன் பெருவிரலில் மெழுகுதிரியைக் கட்டியிருப்பான். ஏணியின் தேவையைக் குறைக்கும் வகையில் மலையின் பக்கத்திலிருந்து குடையப்பட்ட முதல் வழி 1556இல் தொடங்கி 1585இல்தான் முடிவுற்றது. ஆள் மலிவாகக் கிடைக்குமிடத்து, பாறையைக் குடைந்து வழியமைக்கும் செலவு வீண் செலவாகத் தோன்றுவது இயல்பே.

இம்மலையின் வெள்ளி நாணயமாகி உலகெங்கும் சென்றது. 1571இல் ஸ்பானியர் நிலைகொண்ட மணிலா வழியாகவும் ஐரோப்பா வழியாகவும் அமெரிக்க வெள்ளி சீனத்தை அடைந்தது. ஒல்லாந்தக் கம்பனி ஆசியாவுக்குக் கொண்டுவந்த ஸ்பானிய ரியால்கள், சோழமண்டலக் கரையிற் பழவேற்காடு முதலிய துறைகளில் நெசவாளரின் துணியாக மாறின. அவ்வெள்ளி முழுவதும் பொத்தோசியினதன்று, மெக்சிக்கோவினதும் கலந்திருந்தது. நாணயத்தில் அவ்வேறுபாடு தெரிவதில்லை. கூலி உழைப்பும் கட்டாய உழைப்பும் ஒரே எடையாய், ஒரே மதிப்பாய் உருகி நிற்பதே பணத்தின் இயல்பு.

7. வெள்ளீயமும் பின்னரும்

தொடக்க காலத்து நான்கு முதன்மை நாளங்களுள் ஒன்றுக்கு 'வெள்ளீய நாளம்' என்றே பெயர். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அவ்வெள்ளீயத்தைப் பெரிதாக எவரும் விரும்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தகரப் பேணிகளும் பொறித்தொழிலும் பெருகியபோது, பழைய கழிவுக் குவியல்களுங்கூட மீண்டும் தாதுவாயின. ஒரே நாளம், ஒரே கல். சந்தை மாறியதால் மலையின் பெயர்ப்பொருளும் மாறியது. 1952 புரட்சியின் பின் அவ்வாண்டு ஒக்ரோபரில் பெருஞ்சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன. 1985இல் உலக வெள்ளீய விலை சரிந்ததுடன், அவ்வாண்டின் பொருளாதார ஆணைகள் அரசுச் சுரங்கத் தொழிலாளர் 20,000க்கு மேற்பட்டோரைத் தெருவில் நிறுத்தின. அதன் பின் இம்மலையைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் என்னும் பெயரில் இயங்கும் சிறு குழுக்கள் அகழ்ந்து வருகின்றன. கூட்டுறவு என்ற பெயருக்குள்ளும் பங்குடையோரும் நாட்கூலிகளும் உளர் என்பதை மறத்தலாகாது. நூற்றாண்டுகளாகக் குடையப்பட்ட மலையின் உச்சி 2011இல் உள்வாங்கியது. 1987இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட பொத்தோசி, 2014இல் ஆபத்துக்குள்ளான மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

நாளம் எதனை நிர்ணயித்தது, எதனை நிர்ணயிக்கவில்லை என்பதை இப்பொழுது ஓரளவு வரையறுத்துக் கூறலாம். எத்தாது முதலில் கைக்கு எட்டும், எது பின்னர் எட்டும், எக்கருவி எத்தாதுவிடம் தோற்கும், தூசி எவ்வகை நோயைத் தரும் என்பவற்றை அது நிர்ணயித்தது. அதாவது நெருக்கடி எழக்கூடிய வரிசையை நாளம் வகுத்தது. அந்நெருக்கடியை எவர் தோளிற் சுமத்துவது என்பதை அது வகுக்கவில்லை. அதனை வகுத்தவை அரசும் சொத்துடைமையும் அந்தீஸ் ஊர்ச் சமூகத்தின் முன்வரலாறுமே. சக்காத்தேக்காசுடன் வைத்து நோக்கின் இது ஐயத்துக்கிடமின்றித் துலங்கும்.

ஆகவே இயற்கையைப் புறக்கணிக்கும் சமூக வரலாறு குறையுடையது. இயற்கையை நீதிபதியாக்கும் வரலாறோ அநீதிக்குத் துணைபோவது. வள நாடுகள் வறுமையுறுவதற்கு அவற்றின் வளமே காரணம் என இன்று ஒலிக்கும் 'வளச் சாபக்' கோட்பாடு, மலைக்குள்ளிருந்து எழுந்ததாகக் கூறப்பட்ட அப்பழங்குரலின் புதிய வடிவமே. மலை பேசுவதில்லை. அதன் பேரால் எவர் பேசுகின்றனர் என்று கேட்பதே வரலாற்று மாணவரின் முதற்கடன்.